மெக்சிகோக்காரர்கள் குடித்துக்கொண்டே சொல்லும் பழங்கதைகள் எவை?

கேள்வி இதுதான்: மெக்சிகோ நண்பர் ஒருவர் வீட்டு விருந்துக்கு அழைத்திருக்கிறார், அங்கே இரண்டு சுற்று மெஸ்கால் போனதும் பழங்கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம், எனக்கு லா யோரோனா என்ற அழும் பேயின் கதை மட்டும்தான் தெரியும், வேறு என்ன இருக்கிறது, எப்படிப் புரிந்துகொள்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வேலைக்காக குவாதலஹாராவில் நான்கு வருடம் இருந்தேன். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் உடன் வேலை பார்த்தவர்களின் சொந்த ஊர்களுக்குப் போய் வந்தேன். இந்தக் கதைகளில் பாதியை அப்படித்தான் கேட்டேன், மீதியைப் பிறகு தேடிப் படித்தேன். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இணையத்தில் "மெக்சிகோவின் பத்து பேய்க்கதைகள்" என்று தேடினால் கிடைப்பவை எல்லாம் கதையின் வெறும் எலும்புக்கூடுதான். மேசையில் கதை அப்படி வராது. சொல்பவர் தெருப்பெயரோடு, நேரத்தோடு, யாருக்கு நடந்தது என்பதோடு ஆரம்பிப்பார், பெரும்பாலும் அது அவருடைய மாமாவுக்கோ மாமாவின் கொம்பாத்ரேவுக்கோ நடந்திருக்கும். கொம்பாத்ரே என்றால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தகப்பனாக நின்றவர், ரத்த உறவு இல்லாவிட்டாலும் அண்ணன் தம்பிக்குச் சமம். இன்னொன்று, அந்தக் கதைகளில் பெரும்பாலானவை குடித்துவிட்டு இரவில் தனியாக வீட்டுக்குப் போகும் வழியைப் பற்றியவை. இதைக் கவனிக்க எனக்கே ஒரு வருடம் ஆனது. மேசையில் இருக்கும் எல்லோரும் இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வழியில்தான் போகப்போகிறார்கள். அதனால்தான் அந்தக் கதைகள் அங்கே அவ்வளவு வேலை செய்கின்றன.

எங்கே சொல்வார்கள்? மதியச் சாப்பாடு முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் சோப்ரெமேசா என்று தனிச்சொல்லே இருக்கிறது. அப்புறம் கந்தினா, அதாவது குடிக்கிற இடம். ஒவ்வொரு சுற்றுக்கும் கூடவே தின்பதற்கு ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள், அதற்கு பொத்தானா என்று பெயர். மெக்சிகோ நகரத்தில் 1980களின் தொடக்கம் வரை கந்தினாவுக்குள் பெண்கள் நுழைய முடியாது. ஆகவே ஆண்கள் கந்தினாவில் சொன்ன கதையும், பெண்கள் சாவு வீட்டில் சொன்ன கதையும் ஒரே கதையாக இருந்தாலும் வேறு வேறு இடத்தில் அழுத்தம் விழும். சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பார்கள், காப்பியில் கொஞ்சம் சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தக் காப்பிக்கு "கஃபே கோன் பிகேதே" என்று பெயர், பிகேதே என்றால் பூச்சி கொட்டுவது. கொட்டு வைத்த காப்பி! விடிகிறவரை கதை ஓட அது போதும்.

சரி, கதைக்கு முன்னால் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே குடிக்கே ஒரு கதை இருக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது.

மெஸ்கால், டெக்கிலா இரண்டும் ஸ்பானியர்கள் வந்த பிறகு பரவிய வாலைச் சாராயங்கள். அதற்கு மிக முன்பிருந்தே இருப்பது புல்கே. நம் ஊரில் தண்டவாளத்தை ஒட்டி வேலிபோல் வளர்ந்து நிற்குமே ஆனைக்கற்றாழை, அதன் பூர்வீகம் மெக்சிகோதான். அங்கே அதை மகேய் என்பார்கள். த்லாஸ்கலா பக்கம் ஒரு நண்பரின் பெரியப்பா மகேய்த் தோட்டம் வைத்திருந்தார், விடிகாலையில் கூட்டிப்போய்க் காட்டினார். செடி முதிர எட்டு முதல் பன்னிரண்டு வருடம் ஆகும். பூத்தண்டு எழும்பப்போகிற நேரம் பார்த்து நடுக்குருத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழி செய்கிறார்கள், அந்தக் குழியில் சாறு ஊறிக்கொண்டே இருக்கும். பெரியப்பா குழியை மூடியிருந்த கல்லை எடுத்து வைத்தார், உள்ளே விழுந்திருந்த எறும்பைக் கையால் வழித்துப் போட்டார், பிறகு நீளமான காய்ந்த சுரைக்குடுவை ஒன்றைச் சாற்றுக்குள் இறக்கி மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சினார். குடுவை நிறைந்ததும் விரலால் துளையை அடைத்துக்கொண்டு வாளியில் விட்டார். அந்தக் குடுவைக்கு அகோகோதே என்று பெயர், இந்த வேலை செய்பவர் த்லாச்சிகேரோ. அப்புறம் ஒரு வளைந்த இரும்புக் கரண்டியால் குழியின் உட்சுவரை மெல்லச் சுரண்டிவிட்டார், சுரண்டினால்தான் மறுபடி ஊறும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மூன்று மாதம், சில செடிகளில் ஆறு மாதம் வரைக்கும். அதோடு செடி செத்துப்போகும். புளிக்காத சாற்றை அகுவாமியல் என்கிறார்கள், தேன்தண்ணீர் என்று அர்த்தம். பதநீருக்கும் கள்ளுக்கும் என்ன உறவோ அதுதான் அகுவாமியலுக்கும் புல்கேக்கும். ஒரு வாய் குடித்துப் பார்த்தபோது பதநீர் குடித்து வளர்ந்த எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவர் சொன்ன கதை மயாவெல் கதை. வானத்தில் மயாவெல் என்ற பெண், பாட்டியின் காவலில் இருந்தாள். அந்தப் பாட்டி த்சித்சிமித்ல், நட்சத்திரப் பேய். பாட்டி தூங்குகிற நேரம் பார்த்து இறகுப்பாம்புத் தெய்வமான கெட்சல்கோவாட்ல் வந்து மயாவெலை எழுப்பி, பூமிக்குப் போகலாம் வா என்று அழைத்தான். இரண்டு பேரும் இறங்கி வந்து ஒரே மரத்தின் இரண்டு கிளைகளாக மாறி நின்றார்கள். விழித்துப் பார்த்த பாட்டி தன் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு கீழே வந்தாள், மரம் பிளந்தது, பேத்தியின் கிளையை அடையாளம் கண்டு ஒடித்து எல்லோருக்கும் பங்குபோட்டாள், அவர்கள் தின்றார்கள். கெட்சல்கோவாட்லின் கிளையைத் தொடவில்லை. அவர்கள் போன பிறகு அவன் தன் உருவத்துக்கு வந்து, அவர்கள் துப்பிவிட்டுப் போன எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்தான். அந்த இடத்தில் முளைத்ததுதான் முதல் மகேய். 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்ட கதை இது. ஆனால் சற்று முன்புதான் அந்தச் செடியின் நெஞ்சைச் சுரண்டிவிட்டு வந்தவர் வாயால் கேட்கும்போது அது வேறு கதை.

மயாவெலுக்கு நானூறு முலைகள் என்றும், நானூறு பிள்ளைகள் என்றும் சொல்வார்கள். ஆஸ்தெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் நானூறு என்றால் எண்ணமுடியாத அளவு. அந்தப் பிள்ளைகள் எல்லாம் முயல்கள், போதையின் தெய்வங்கள். குடித்தவுடன் ஒருவன் அழுகிறான், ஒருவன் பாடுகிறான், ஒருவன் சண்டைக்கு நிற்கிறான், ஒருவன் மூலையில் தூங்கிவிடுகிறான். அவனவனுக்கு அவனவன் முயல். இதை பெர்னார்டினோ தே சஹகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 16ஆம் நூற்றாண்டில் நாவா முதியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். குடித்தவன் என்ன செய்தாலும் "அவன் முயல் அப்படி" என்று சொல்லிவிடுவார்களாம். மேசையில் யாராவது உணர்ச்சிவசப்பட ஆரம்பித்தால் இந்தக் கதையை எடுத்துவிடுங்கள், அந்த இடமே இளகிவிடும்.

அதே சஹகூன் எழுதிய இன்னொன்று ஐந்தாவது கோப்பைக் கதை. புல்கே முதன்முதலில் செய்யப்பட்டபோது, நுரைமலை என்று பேர் பெற்ற ஒரு மலையில் எல்லாத் தலைவர்களையும் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். ஆளுக்கு நான்கு கோப்பை, ஐந்தாவது கிடையாது. வாஸ்தெக் மக்களின் தலைவன் மட்டும் ஐந்தாவதையும் குடித்தான், போதையில் கட்டியிருந்த கோவணத்தை அவிழ்த்து எறிந்தான். தெளிந்த பிறகு வெட்கத்தால் தன் மக்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு பானூகோ பக்கம், கடலோரத்துக்கே போய்விட்டான். அந்தத் தெய்வத்தின் பெயரையே கொண்ட, தூலா நகரத்துப் பெரிய குருவான கெட்சல்கோவாட்ல் வீழ்ந்த கதையிலும் இதே கணக்கு வருகிறது. வேண்டாம் வேண்டாம் என்றவரை "சுண்டுவிரலால் தொட்டுப் பாருங்கள்" என்று ஆரம்பித்து, நான்கு கொடுத்து, ஐந்தாவதையும் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை அவர் செய்ததை நினைத்து அழுகிறார், நகரத்தை விட்டுக் கிழக்கே போகிறார், கடற்கரையில் தன்னைத் தானே எரித்துக்கொண்டு விடிவெள்ளியாகிறார். அந்த ஒரு கோப்பைக்காக ஒரு நகரமே முடிந்துபோகிறது. ஆஸ்தெக் காலத்தில் வயதானவர்களைத் தவிர மற்றவர்கள் போதையேறக் குடித்தால் மரண தண்டனைவரை போகும், அப்படிப்பட்ட சமூகம் சொன்ன கதை என்பதையும் நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

புல்கே விற்கும் கடைக்கு புல்கேரியா என்று பெயர். அங்கே கோப்பையின் அடியில் மிஞ்சியதைக் குடிக்காமல் தரையில் வீசிச் சொட்டவிடும் பழக்கம் ஒன்றைப் பார்த்தேன். புல்கே கொழகொழப்பானது, வீசினால் நூலாக நீண்டு தரையில் வால் வளைந்த ஒரு உருவம் விழும். அதை அலக்ரான், தேள் என்கிறார்கள். தேள் சரியாக விழுந்தால் நல்ல புல்கே.

அங்கேயே ஒரு கசப்பான கதையும் உண்டு. புல்கே சீக்கிரம் புளிக்க வேண்டும் என்பதற்காகச் சாணத்தைத் துணியில் பொம்மைபோல் முடிந்து தொட்டிக்குள் போடுவார்கள் என்று ஒரு பேச்சு. முன்யேகா என்பார்கள், பொம்மை என்று அர்த்தம். இது 20ஆம் நூற்றாண்டில் பீர் வியாபாரம் வளர்ந்த காலத்தில் வேண்டுமென்றே பரப்பப்பட்டது என்று புல்கேக்காரர்கள் உறுதியாக நம்புகிறார்கள். நான் அவர்கள் பக்கம். தொட்டி வைத்திருக்கும் அறைக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொள்கிற மனிதர்கள் அவர்கள். ஒரு காலத்தில் ஆபான் சமவெளியிலிருந்து தலைநகருக்குத் தினமும் ரயிலில் போன பானம், ஒரு கதையால் ஏழைகளின் அழுக்குக் குடி என்று பேர் வாங்கியது. நாட்டார் கதை எப்போதும் பழமையானது, நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வழிக்கு வருவோம், அதாவது வீட்டுக்குப் போகும் வழிக்கு.

சார்ரோ நெக்ரோ, கறுப்புக் குதிரைக்காரன். நெடுக வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு உடை, அகலத் தொப்பி, கறுப்புக் குதிரை. நடுச்சாமத்தில் தனியாக நடந்து போகிறவன் பக்கத்தில் குதிரையை நடத்திக்கொண்டே மரியாதையாகப் பேச்சுக் கொடுப்பான். களைத்திருக்கிறீர்களே, ஏறிக்கொள்ளுங்கள் என்பான், அல்லது ஒரு பை தங்கக் காசை நீட்டுவான். வாங்காமல் நடந்தால் தேவாலயம் இருக்கும் இடம்வரை துணைக்கு வந்துவிட்டு நல்லிரவு சொல்லிப் போய்விடுவான். வாங்கினால் அவ்வளவுதான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவன் மரியாதைதான். அவன் யாரையும் பயமுறுத்துவதே இல்லை. பூவெப்லா பக்கத்து நண்பர் ஒருவர் இதைச் சொல்லும்போது குதிரைக்காரன் பேசும் வரிகளை அவ்வளவு இனிமையாக, தாழ்ந்த குரலில் சொன்னார், அந்த இடத்தில்தான் முதுகு சில்லிட்டது.

லா யோரோனாவை நீங்கள் அறிந்திருப்பீர்கள், தன் குழந்தைகளைத் தானே தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றுவிட்டு "ஐயோ என் பிள்ளைகளே" என்று நீர்நிலை ஓரம் அழுதுகொண்டே திரியும் பெண். இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அழுகை பக்கத்தில் கேட்டால் அவள் தூரத்தில் இருக்கிறாள், தூரத்தில் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள். இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் போதும், வேறு அலங்காரம் தேவையில்லை. இரண்டாவது, ஸ்பானியர்கள் வருவதற்கு முன் ஆஸ்தெக் தலைநகரான தெனோச்தித்லான் நகரத்தில் தோன்றியதாகச் சொல்லப்பட்ட எட்டு கெட்ட சகுனங்களில் ஆறாவது, இரவில் ஒரு பெண் "என் பிள்ளைகளே, நாம் போயாக வேண்டும், உங்களை எங்கே கொண்டு போவேன்" என்று அழுதது. இதையும் சஹகூன்தான் எழுதி வைத்தார். நகரம் 1521 ஆகஸ்ட் 13 அன்று வீழ்ந்தது. துரோகம் செய்த கணவனால் பைத்தியமான பெண் என்ற கதை மேலே பூசியது என்றும், அடியில் நகரத்துக்காக அழுத ஒரு தாய்த்தெய்வம் இருக்கிறாள் என்றும் பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சோச்சிமில்கோ கால்வாய்களில் நவம்பர் சமயம் படகில் உட்கார வைத்து இரவில் இந்தக் கதையை நாடகமாகவே நடத்துகிறார்கள். அதே கால்வாய்களில்தான் பொம்மைத் தீவும் இருக்கிறது, நீரில் மூழ்கிய ஒரு சிறுமியின் ஆவிக்காக என்று ஹூலியான் சந்தானா என்பவர் வருடக்கணக்கில் மரமெங்கும் பழைய பொம்மைகளைக் கட்டித் தொங்கவிட்டார், அவர் 2001இல் அதே நீரில் இறந்தார் என்பதால் கதை இன்னும் வளர்ந்துவிட்டது.

யுகாத்தான் பக்கம் போனால் ஷ்தபாய். இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் பாதிக் கதைதான் சொல்லப்படுகிறது. குடித்துவிட்டு இரவில் திரும்பும் ஆண், வழியில் பெரிய சேய்பா மரம். சேய்பா என்பது நம் வீட்டுத் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரமேதான், மாயா மக்களுக்கு அது உலகத்தைத் தாங்கும் புனித மரம். அதன் அடியில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் நீண்ட கூந்தலை வாரிக்கொண்டு நிற்கிறாள், சீப்பு கள்ளிமுள். பின்னாலேயே போனவன் காலையில் நெஞ்சு கீறப்பட்டுக் கிடப்பான். இது நம் மோகினிதானே என்று தோன்றும். கந்தினாவில் ஆண்கள் சொல்வதும் இத்தோடு முடியும்.

ஆனால் வயதான பெண்கள் இரண்டு பெண்களிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒருத்தி ஷ்கெபான். பல ஆண்களோடு பழகியவள் என்று ஊரே அவளைத் தூற்றியது. ஆனால் நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுவாள், தெருநாய்க்குச் சோறு போடுவாள், தனக்குக் கிடைத்த நகையை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பாள். இன்னொருத்தி உட்ஸ்கோலெல். ஒழுக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் யாருக்கும் ஒரு கை தண்ணீர் கொடுத்தவள் இல்லை. சில நாட்களாக ஷ்கெபானைக் காணவில்லை, ஊரெல்லாம் ஒரு நறுமணம். மணத்தைத் தொடர்ந்து போனால் அவள் வீட்டில் இறந்து கிடக்கிறாள், சுற்றிலும் விலங்குகள் காவல் இருக்கின்றன, மணம் அவள் உடம்பிலிருந்து வருகிறது. பிசாசின் வேலை என்றாள் உட்ஸ்கோலெல், அவளுடைய பிணமே மணந்தால் என் பிணம் எப்படி மணக்கும் பாருங்கள் என்றாள். ஷ்கெபானின் புதைமேட்டில் மறுநாள் சிறிய வெள்ளைப் பூக்கள் பூத்திருந்தன, ஷ்தபெந்தூன் பூ. உட்ஸ்கோலெல் இறந்தபோது கூட்டம் கூட்டமாக வந்தார்கள், மலர்களைக் கொட்டினார்கள், ஆனால் அவள் உடம்பிலிருந்து வந்த நாற்றத்தில் ஒருவராலும் நிற்க முடியவில்லை. அவள் மேட்டில் முளைத்தது த்சகாம் என்ற முள்கள்ளி. அழகான பூதான், முகர்ந்தால் நாற்றம், தொட்டால் முள். ஷ்கெபானுக்குக் கிடைத்தது காதலுக்காகத்தான் என்று தப்பாகப் புரிந்துகொண்ட உட்ஸ்கோலெல் ஆவிகளின் துணையோடு திரும்பி வந்தாள், அந்தக் கள்ளியின் முள்ளாலேயே கூந்தலை வாரிக்கொண்டு. ஷ்தபாய் என்பவள் அவள்தான். மரத்தடியில் நிற்பவள் ஊர் தூற்றிய பெண் இல்லை, ஊர் கும்பிட்ட பெண்.

இந்தத் திருப்பத்தை முதல்முறை கேட்டபோது நான் கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டேன். அப்போது கையில் இருந்ததும் ஷ்தபெந்தூன்தான். தேனும் சோம்பும் சேர்த்துச் செய்யும் அந்த ஊர் மதுவுக்கு அந்தப் பூவின் பெயர், அந்தப் பூவில் தேனெடுக்கும் தேனீக்களின் தேன் என்று சொல்வார்கள். ஷ்கெபானின் பூவைக் குடித்துக்கொண்டு அவள் கதையைக் கேட்பது, இதைவிட என்ன வேண்டும்?

நகரத்துக் கதைகள் வேறு மாதிரி, அவற்றில் கடிகாரம் முக்கியம். மெக்சிகோ நகரத்தில் இன்று ரெபூப்லிகா தே உருகுவாய் என்று அழைக்கப்படும் தெருவில் ஒரு பகுதி முன்பு தோன் ஹுவான் மனுவேல் தெரு. 17ஆம் நூற்றாண்டுப் பணக்காரர், குழந்தை இல்லை, மனைவி மேல் சந்தேகம். மனைவியின் கள்ளக்காதலன் யார் என்று தெரிய வேண்டுமானால் இரவு பதினொரு மணிக்குத் தெருவில் வருபவனைக் குத்து என்று பிசாசு அவரிடம் சொன்னது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அங்கியைப் போர்த்துக்கொண்டு வெளியே வருவார். மன்னிக்கவும், மணி என்ன? பதினொன்று ஐயா. "தான் சாகும் நேரத்தை அறிந்த நீர் பாக்கியசாலி!" குத்து. ஒருநாள் காலையில் காவலர்கள் தூக்கி வந்த பிணம் அவர் மகனைப்போல் வளர்த்த தங்கை பிள்ளை. பாவமன்னிப்புக் கேட்கப் போனார், மூன்று இரவு பதினொரு மணிக்குத் தூக்குமரத்தடியில் ஜெபமாலை சொல் என்றார் துறவி. முதல் இரவு யாரோ அவர் ஆன்மாவுக்காகவே ஜெபம் கேட்டார்கள், இரண்டாம் இரவு தன் சவ ஊர்வலத்தையே பார்த்தார், மூன்றாம் நாள் காலை அதே மரத்தில் தொங்கினார். தூக்கிலிட்டது தேவதைகள் என்று ஊர் சொன்னது. இதைச் சொல்பவர்கள் பத்தரைக்கு மேல்தான் ஆரம்பிப்பார்கள். முடியும்போது யாராவது ஒருவர் மணி என்ன என்று கேட்டுவிடுவார்.

குவானஹுவாத்தோவின் முத்தச் சந்துக் கதை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 68 சென்டிமீட்டர் அகலச் சந்து, எதிரெதிர் மாடி, கார்மென், லூயிஸ் என்ற காதலர்கள், கத்தியோடு பெண்ணின் அப்பா. மூன்றாம் படியில் முத்தமிடாத காதலர்களுக்கு ஏழு வருடம் துரதிர்ஷ்டம் என்று சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அங்கே இரவில் பழைய கறுப்பு அங்கி போட்ட மாணவர்கள் வாத்தியங்களோடு பாடிக்கொண்டே கூட்டத்தைச் சந்து சந்தாகக் கூட்டிப்போவார்கள், கையில் ஆளுக்கொரு சிறிய மண்சாடியில் குடிக்க ஏதாவது இருக்கும், நின்று நின்று கதை சொல்வார்கள். கதைக்காக இல்லாவிட்டாலும் அந்த நடைக்காகப் போகலாம்.

கோர்தோபாவின் முலாத்தா கதையை மறக்காமல் கேளுங்கள். வெராக்ரூஸ் பக்கம், கறுப்பு வெள்ளைக் கலப்பில் பிறந்த பேரழகி, வயதே ஏறாதவள், மூலிகை அறிந்தவள். சூனியக்காரி என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணை மன்றம் அவளைப் பிடித்து சான் ஹுவான் தே உலூவா கோட்டையில் அடைத்தது. ஒருநாள் கரித்துண்டால் சிறைச் சுவரில் ஒரு கப்பல் வரைந்தாள். பாய்மரம், கயிறு, அலை எல்லாம் அத்தனை துல்லியம். சிறைக்காவலனைக் கூப்பிட்டு, இந்தக் கப்பலுக்கு என்ன குறை என்று கேட்டாள். ஓடவில்லை, அது ஒன்றுதான் குறை என்றான் அவன். அப்படியானால் பார் என்று ஒரே தாவில் கப்பலில் ஏறினாள், கப்பல் சுவரின் மூலைவரை ஓடி மறைந்தது. காவலன் வெறும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பெயர் யாருக்கும் தெரியாது, கதை முழுக்க அவள் முலாத்தாதான். அடிமைத்தனம் இருந்த துறைமுகத்தில் பிறந்த கதை என்பதை மனதில் வைத்துக் கேட்டால் அந்தக் கப்பல் இன்னும் பெரிதாகத் தெரியும்.

குழந்தைகளும் மேசையில் இருந்தால் த்லகுவாச்சே கதை வரும். அது பைக்குள் குட்டியைச் சுமக்கும் எலிமூஞ்சி விலங்கு. மனிதர்களுக்காகக் கிழவியிடமிருந்து நெருப்பைத் திருடி வாலில் பற்றவைத்துக்கொண்டு ஓடியது, அதனால்தான் அதன் வாலில் முடி இல்லை. புல்கேயை முதலில் குடித்ததும் அதுதானாம். ஆறுகளுக்குத் தடம் போடும் வேலையை அதனிடம் கொடுத்தார்கள், தெளிவாக இருந்த இடத்தில் ஆறு நேராக ஓடுகிறது, குடித்துவிட்டுப் போட்ட இடத்தில் வளைந்து வளைந்து.

நீங்கள் போகும் வீட்டில் மெஸ்கால் ஊற்றினால் ஒன்று செய்யுங்கள். வஹாகாக்காரர்கள் குடிக்கும் முன் சில துளிகளைத் தரையில் விடுவார்கள், மண்ணுக்கு முதல் பங்கு. ஒரே மடக்கில் விழுங்காதீர்கள், முத்தமிடுவதுபோல் உதட்டில் வைத்து வைத்துக் குடிக்க வேண்டும் என்பார்கள். மின்னல் விழுந்து வெந்த மகேயிலிருந்துதான் மனிதன் மெஸ்காலைக் கண்டுகொண்டான் என்ற கதை அப்போது தானாக வரும். பதிலுக்கு நம் ஊர்க் கதை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவரை அங்கே விருந்தாளியாக மட்டுமே வைத்திருப்பார்கள்.

கடைசியாக, நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர் நாளுக்குப் போவதாக இருந்தால் ஒரு கதை கட்டாயம் காதில் விழும். பலிபீடத்தில் ரொட்டி, பழம், மஞ்சள் செம்பசூச்சில் பூ, செத்தவர் விரும்பிக் குடித்த மெஸ்காலோ புல்கேயோ ஒரு கோப்பை வைத்திருப்பார்கள். ஒரு கிராமத்தில் ஒருவன், செத்தவர்கள் வருவதாவது என்று எதையும் வைக்க மறுத்தான். மனைவி வற்புறுத்தியபோது, அப்பா அம்மாவுக்கு இது போதும் என்று ஒரு பைன்மரச் சுள்ளியைக் கொளுத்தி வைத்துவிட்டுக் குடிக்கப் போனான். இரவு திரும்பும்போது வழியில் பெரிய கூட்டம் எதிரே வந்தது, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு, கைநிறையப் பூவும் ரொட்டியும் சாடியுமாக. ஒதுங்கி நின்று பார்த்தான், எல்லாம் அந்த ஊரில் செத்துப்போனவர்கள். கூட்டத்தின் கடைசியில் அவன் அப்பாவும் அம்மாவும் வெறுங்கையாக வந்தார்கள், அந்தச் சுள்ளியைப் பிடித்த விரல்கள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு ஓடினான், மனைவியை எழுப்பினான், வான்கோழியை அறுத்து தமாலே, அதாவது மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து வேகவைக்கும் பண்டம், செய்யச் சொன்னான், வேகும்வரை கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்று பாயில் படுத்தான். தமாலே வெந்ததும் மனைவி போய் எழுப்பினாள், அவன் எழவில்லை. அந்தத் தமாலேக்களைத்தான் அவன் சாவுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள்.